5.4 கிராம் ஊசியும் என் மகளின் இசைத்தட்டுகளும்

ஏழு மாதமாக எங்கள் வீட்டில் ஒரு சூட்கேஸ் ரெக்கார்டு பிளேயர் ஓடிக்கொண்டிருக்கிறது. "வாங்கலாமா?" என்று வேலை செய்யும் இடத்தில் மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். மூன்று பேர் வீட்டிலும் பதின்வயதுப் பிள்ளைகள். ஆளுக்கு ஒரு தரம் சொல்லி மாளாது, எழுதியே வைத்துவிடுகிறேன்.

பிராண்ட் பெயரைச் சொல்லப்போவதில்லை. மூடியைத் திறந்தால் உள்ளே இருக்கும் கை, சிவப்பு பிளாஸ்டிக் முனை வைத்த ஊசி, சுழலும் மேடை எல்லாம் பல பெயர்களில் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் வருகின்றன. மேலே ஒட்டிய ரெக்சினின் நிறமும் பூட்டும்தான் மாறும். நான் வாங்கியது புதினாப் பச்சை. நான் என்றால் என் மகள். விலை 6,499 ரூபாய், போன அக்டோபரில் அவளுடைய பதினைந்தாவது பிறந்தநாளுக்கு.

என்னைப் பற்றி இரண்டு வரி சொன்னால்தான் மீதி புரியும். பெங்களூரு பீன்யாவில் ஒரு காலிபரேஷன் லேபில் வேலை. வெர்னியர், மைக்ரோமீட்டர், டயல் கேஜ், தராசு என்று ஊராருடைய கருவிகளில் இருக்கும் பிழையைக் கண்டுபிடித்துச் சான்றிதழ் எழுதிக் கொடுப்பது. வயது 51. வீடு அல்சூரில், திருவள்ளுவர் சிலைக்கு நடந்து போகிற தூரம். பாட்டு என்றால் எனக்குப் பழைய இங்கிலீஷ் ராக் குழுக்கள்: டீப் பர்ப்பிள், லெட் செப்பலின், பிங்க் ஃபிளாய்ட். மகளுக்கு இந்தக் காலப் பாப் பாடகிகள்: ஒலிவியா ரோட்ரிகோ, டெய்லர் ஸ்விஃப்ட், சப்ரினா கார்ப்பென்டர். எங்களோடு இருக்கும் என் அப்பாவுக்கு 82, ஐ.டி.ஐ. எனும் இந்தியன் டெலிபோன் இண்டஸ்ட்ரீஸ் தொழிற்சாலையில் டெலிபோன் ரிலே அட்ஜஸ்ட் செய்து ஓய்வு பெற்றவர். அவருக்கு டி.எம்.எஸ்., சுசீலா. என் மனைவிக்கு வீட்டில் சத்தம் இல்லாமல் இருந்தால் போதும்.

முதலில் வீட்டுக்கு வந்தது தட்டுகள்தான், பிளேயர் இல்லை. ரோட்ரிகோவின் 'சவர்' ஒன்று, ஸ்விஃப்டின் 'மிட்நைட்ஸ்' ஒன்று. தாத்தா கொடுத்த தீபாவளிப் பணத்தையும் தன் சேமிப்பையும் போட்டு வாங்கி, உறையோடு கட்டிலுக்கு மேலே சுவரில் மாட்டிவிட்டாள். ஓட்டிக் கேட்க வீட்டில் எதுவும் கிடையாது. கேட்கத்தான் போன் இருக்கிறதே என்றாள். 3,400 ரூபாய்ப் பொருளைச் சுவரில் தொங்கவிட்டு வேடிக்கை பார்ப்பது எனக்கு அடுக்கவில்லை. "ஒரு தடவையாவது ஓட்டிப் பார்க்க வேண்டாமா?" என்று ஆரம்பித்தது நான்தான். அவள் உடனே போனில் இந்தப் பச்சைப் பெட்டியைக் காட்டினாள். ஆக, பின்னால் சொல்லப்போகும் குறைகளுக்கெல்லாம் அவள் பேரில் பழி போட எனக்கு வழியில்லை.

பெட்டி வந்த அன்று அழகாகத்தான் இருந்தது. கைப்பிடி உண்டு, ஒரு அறையிலிருந்து இன்னொரு அறைக்குத் தூக்கிப் போகலாம். நிமிஷத்துக்கு 33, 45, 78 சுற்று என்று மூன்று வேகம். பக்கவாட்டில் இரண்டு குட்டி ஸ்பீக்கர். புளூடூத் உண்டு. பின்னால் வெளி ஸ்பீக்கருக்கு வயர் செருக சிவப்பும் வெள்ளையுமாக இரண்டு ஆர்.சி.ஏ. துளைகள், இவற்றை மறக்காதீர்கள், கடைசியில் வேலைக்கு வரும். மேடை தட்டைவிடச் சிறியது, ஒரு ஆல்பம் முழுசும் கொள்ளும் பன்னிரண்டு அங்குலத் தட்டு, அதாவது எல்.பி., நாலு பக்கமும் வெளியே நீட்டிக்கொண்டு சுற்றுகிறது. சின்ன வாழையிலையில் வார்த்த பெரிய தோசை மாதிரி.

அன்றைக்கே அவள் ஒரு விஷயம் சொன்னாள். "அப்பா, இது வேகமா ஓடுது. குரல் கீச்சுன்னு இருக்கு."

"தட்டுல அப்படித்தான் இருக்கும், போன்ல கேட்டுப் பழகிட்டே" என்றேன். சொல்லிவிட்டு, நம்ம பாட்டைப் போட்டுக் காட்டுவோம் என்று, சிக்பேட்டைப் பக்கம் ஞாயிற்றுக்கிழமை பஜாரில் 400 ரூபாய்க்கு வாங்கி வைத்திருந்த டீப் பர்ப்பிளின் 'மெஷின் ஹெட்'டை எடுத்தேன். 1972ல் வந்தது. ஊசி இறங்கியது. எனக்குத் தெரிந்த வேகம், எனக்குத் தெரிந்த சுருதி, ஒரு இம்மி பிசகவில்லை. "பாரு, சரியாத்தான் ஓடுது" என்று முடித்துவிட்டேன்.

இரண்டு நாள் கழித்து அவள் தன் பாட்டு ஒன்றைப் போனில் ஓடவிட்டு, பிளேயரில் அதே பாட்டின் தட்டையும் ஓடவிட்டு, பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினாள். இரண்டும் ஒன்றாகக் கிளம்பின. ஒரு நிமிஷத்தில் தட்டு முன்னால் போய்விட்டது. பிழை கண்டுபிடிக்கிற வேலையில் இருபத்தாறு வருஷம் இருக்கிறவனுக்கு இதைவிட அவமானம் வேண்டுமா?

சரி, அளந்துவிடுவோம் என்று உட்கார்ந்தேன். எல்.பி. நிமிஷத்துக்கு 33⅓ சுற்று சுற்ற வேண்டும், அதாவது மூன்று நிமிஷத்துக்குச் சரியாக 100. தட்டின் ஓரத்தில் ஒரு காகிதத் துண்டை ஒட்டி, ஸ்டாப்வாட்சை வைத்து எண்ணினேன். 103. திரும்ப எண்ணினேன். 103. மூன்று சதவீதம் அதிகம். சுரக் கணக்கில் அரைச்சுரத்தில் பாதி. ஒரு தரம் கேட்டவனுக்குத் தெரியாது, ஆயிரம் தரம் கேட்டவளுக்குத் தெரியும்.

திருத்துவது பெரிய வேலை இல்லை. இந்த மாதிரி மோட்டார்களின் அடியில் ஒரு சின்ன ஓட்டை இருக்கும், உள்ளே ஒரு திருகு. வாட்ச் ரிப்பேர்காரர் வைத்திருக்கும் மெல்லிய ஸ்க்ரூடிரைவர் போதும். (வாரண்டி போய்விடும், சொல்லிவிட்டேன்.) சரிபார்க்க, வட்டமாக 180 கோடு அச்சடித்த காகிதத்தை மேடையில் வைத்துக்கொண்டேன். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், பழைய சோக் வைத்த ட்யூப்லைட் நொடிக்கு 100 தரம் மின்னும். வேகம் 33⅓ஆக இருந்தால் அந்த 180 கோடும் நகராமல் நிற்பது போலத் தெரியும். எல்.இ.டி. விளக்குக்கு இது சரிப்படாது. எங்கள் வீட்டில் சோக் ட்யூப்லைட் மிச்சமிருப்பது அடுப்படியில் மட்டும். ராத்திரி பத்து மணிக்குத் தோசைமாவுக் குண்டான் பக்கத்தில் ரெக்கார்டு பிளேயரை வைத்துக்கொண்டு நான் குனிந்து நின்றதைப் பார்த்து மனைவி ஒன்றும் சொல்லவில்லை. விளக்கை மட்டும் அணைக்கவில்லை.

கோடு நின்றது. மகள் பாட்டைப் போட்டாள், "இப்ப சரி" என்றாள். நான் மெஷின் ஹெட்டைப் போட்டேன். இழுக்கிறது! சோர்ந்துபோய், ஜுரம் வந்தவர்கள் வாசிப்பது போல இருக்கிறது.

யோசித்ததில்தான் விஷயம் பிடிபட்டது. இந்த ஆல்பத்தை நான் தட்டில் கேட்டு வளர்ந்தவன் இல்லை. 1990ல் சிவாஜிநகரில் ஒரு ரெக்கார்டிங் கடையில், 60 நிமிஷ டி.டி.கே. கேசட் வாங்கிக் கொடுத்து, பட்டியல் எழுதிக் கொடுத்துப் பதிவு செய்துகொண்டது. அந்தக் கடைக்காரரின் மெஷின் எப்படி ஓடியதோ, என் டேப் ரெக்கார்டர் எப்படி ஓடியதோ, மொத்தத்தில் என் பதினாறு வயதிலிருந்து நான் அந்த ஆல்பத்தை மூன்று சதவீதம் வேகமாகவே கேட்டுப் பழகியிருக்கிறேன். பிழையான கருவியைப் பிழையான கருவியால் சோதித்து "ஓகே" என்று முத்திரை குத்தியிருக்கிறேன். லேபில் யாராவது இப்படிச் செய்தால் சீட்டைக் கிழித்திருப்பேன்.

அந்தக் கேசட்டில் இன்னொரு கூத்து. ஆல்பம் 37 நிமிஷம், கேசட்டின் ஒரு பக்கம் 30 நிமிஷம். கடைக்காரர் திருப்பிப் போடச் சோம்பல்பட்டு ஒரே பக்கத்தில் ஏற்றிவிட்டார். ஆறாவது பாட்டு 'லேஸி', ஏழு நிமிஷத்துக்கு மேல். ஆர்கனும் கிட்டாரும் நீளமாகப் பேசி முடித்து, பாடகர் வாயைத் திறந்த கொஞ்ச நேரத்தில் டக்! டேப் நின்றுவிடும். முப்பது வருஷமாக அந்தப் பாட்டு எனக்கு அங்கேயே முடிகிறது. இப்போது தட்டில் முழுசாகக் கேட்கிறேன், அந்த இடம் வந்ததும் கை தானாக பிளேயர் பக்கம் போகிறது.

எடை விஷயத்துக்கு வருவோம். வாங்க நினைப்பவர்கள் கவனிக்க வேண்டியது இதுதான். நல்ல டர்ன்டேபிளில் ஊசி தட்டின் மேல் இரண்டு கிராம் அளவுக்கு அழுத்தும், கூட்டவும் குறைக்கவும் பின்னால் ஒரு எடைத் திருகு இருக்கும். இந்தப் பெட்டியில் என் தராசு காட்டியது 5.4 கிராம். திருகு கிடையாது. ஊசியின் அசைவை மின்சாரமாக்கும் பாகமான கார்ட்ரிட்ஜ் இதில் மலிவான செராமிக் வகை என்பதால் அந்த அழுத்தம் அதற்கு வேண்டியும் இருக்கிறது. தட்டு தேயுமா என்றால், தேயும். ஏழு மாதத்தில் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. மகளுக்குத் தெரிகிறது. யார் காது கணக்கு என்று மேலே சொல்லிவிட்டேன்.

ஸ்பீக்கரும் ஊசியும் ஒரே பெட்டிக்குள் இருப்பதால் இன்னொரு வம்பு. பேஸ் கனமாக வந்தால் பெட்டி அதிர்கிறது, பெட்டி அதிர்ந்தால் ஊசி துள்ளுகிறது. என் பழைய ராக் தட்டுகள் இதில் அவ்வளவாகத் துள்ளவில்லை. இந்தக் காலப் பாப் தட்டுகளில் அடிச்சத்தம் பலமாகப் பதிவாகியிருக்கிறது, அதனால் துள்ளியது அவளுடையதுதான். ஒரு பாட்டில் மூன்றாவது சரணத்துக்கே போக முடியவில்லை. பழைய பழக்கத்தில் ஊசித் தலையில் ஒரு ஒற்றை ரூபாய் நாணயத்தை வைத்தேன். துள்ளல் நின்றது. அப்புறம் நாணயத்தை எடை போட்டேன்: 3.8 கிராம். மொத்தம் 9.2. பேசாமல் எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன். அவளுக்கு இது தெரியாது, படித்தால் தெரிந்துகொள்ளட்டும்.

பிறகு லேபில் அதிர்வு தாங்க வைக்கும் ரப்பர் துண்டுகள் நாலு பழசாகக் கிடந்ததைக் கொண்டுவந்து அடியில் ஒட்டினேன். பாதி குணமானது. மீதியைக் குணமாக்கியது அந்த ஆர்.சி.ஏ. துளைகள். 2,800 ரூபாய்க்கு ஒரு ஜோடி சின்ன ஆம்ப் வைத்த ஸ்பீக்கர் வாங்கி, தனி அலமாரியில் வைத்து இணைத்தேன். அன்றைக்குத்தான் பெட்டியிலிருந்து பாட்டு வந்தது, அதுவரை வந்தது டிரான்சிஸ்டர் ரேடியோ சத்தம். இதை வாங்குகிறவர்கள் அந்த 2,800ஐயும் சேர்த்தே கணக்குப் போடுங்கள்.

பக்கத்தின் கடைசிப் பாட்டில் மட்டும் எந்த வைத்தியமும் பலிக்கவில்லை. கணக்கு எளிது. தட்டு ஒரே வேகத்தில் சுற்றினாலும், வெளி ஓரத்தில் ஊசிக்கு அடியில் நொடிக்கு 51 சென்டிமீட்டர் பள்ளம் ஓடும்; உள் ஓரத்தில் வெறும் 21. அதே பாட்டைப் பாதிக்கும் குறைவான இடத்தில் எழுதியாக வேண்டும். மலிவான ஊசி அங்கே திணறும். பெண் குரல் மைக்குக்கு மிக அருகில் பாடி, "ஸ்" வரும்போதெல்லாம் தாளிக்கிற சத்தம். சோகப் பாட்டைக் கடைசியில் வைக்கிறார்கள், அந்தச் சோகம் பூராவும் கடுகு வெடிக்கிறது.

இவ்வளவும் கருவியைப் பற்றி. இந்தக் கருவியால் வீட்டில் நடந்ததையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அந்த மூன்று பேரும் கேட்பது உண்மையில் அதைத்தான்.

நான் மகளிடம் வழக்கமாக வைக்கும் குற்றச்சாட்டு மூன்று. ஒன்று, உங்கள் ஆட்களுக்கு நீளமாக வாசிக்கத் தெரியாது. இரண்டு, ஒரே ஆல்பத்தைப் பத்து நிறத்தில் விற்றுக் காசு பிடுங்குகிறார்கள். மூன்று, எல்லாம் எங்கிருந்தோ எடுத்தது.

முதலாவது அப்பளம் மாதிரி நொறுங்கியது. மெஷின் ஹெட் 37 நிமிஷம், ஏழு பாட்டு. சவர் ஏறக்குறைய 35 நிமிஷம், பதினொரு பாட்டு. தட்டாகக் கையில் எடுத்தால் இரண்டும் ஒரே அளவுச் சாப்பாடு. போனில் கேட்கும்போது அவள் பாதியில் தாவுவாள்; இந்தப் பெட்டியில் தாவ முடியாது, ஊசியைத் தூக்கி வைக்க நான் விடுவதில்லை. ஆக அவள் ஒரு பக்கம் முழுக்க உட்கார்ந்து கேட்கிறாள். நானும்.

இரண்டாவதில் நான் நம்பிக்கையோடு இருந்தேன். மிட்நைட்ஸ் 2022ல் நாலு வெவ்வேறு உறையில் வந்தது. நாலையும் வாங்கிப் பின்பக்கத்தைச் சேர்த்து வைத்தால் ஒரு கடிகார முகம் வரும். அதற்கு அவள் கேட்ட தொகையில் இரண்டு பிளேயர் வாங்கலாம். "எங்க காலத்துல பாட்டைத்தான் வித்தாங்க, அட்டையை இல்ல" என்றேன். அவள் பத்து நிமிஷம் போனில் தேடிவிட்டு வந்தாள். லெட் செப்பலின் 1979ல் 'இன் த்ரூ தி அவுட் டோர்' ஆல்பத்தை ஆறு வெவ்வேறு அட்டையில் போட்டு, மேலே பழுப்புக் காகிதப் பையால் மூடி, எந்த அட்டை வருகிறது என்று வாங்குகிறவனுக்குத் தெரியாமலே விற்றிருக்கிறார்கள். டெய்லர் ஸ்விஃப்டாவது எதை வாங்குகிறோம் என்று காட்டிவிட்டுத்தான் விற்கிறார்.

ரோலிங் ஸ்டோன்ஸின் 1971 'ஸ்டிக்கி ஃபிங்கர்ஸ்' கதை அவளுக்குக் கிடைத்தபோது எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அட்டையில் ஜீன்ஸ் படம், அதில் நிஜமான ஜிப். அனுப்பும்போது அடுக்கி வைத்ததில் ஜிப் அழுந்தித் தட்டுகள் பழுதாயின. கடைசியில் ஜிப்பைப் பாதி இறக்கி வைத்து அனுப்பினார்கள். அப்போது அது பாட்டுப் பள்ளத்தில் படாமல் நடுவில் லேபிள் மேல் அழுந்தும். நல்ல தீர்வு. என் லேபில் இருந்திருந்தால் கைகுலுக்கியிருப்பேன். ஆனால் வாதத்தில் நான் தோற்றதுதான் மிச்சம்.

மூன்றாவது கொஞ்சம் நேரம் எடுத்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். அவள் சவர் முதல் பக்கத்தைப் போட்டாள். முதல் பாட்டு 'புரூட்டல்' கொஞ்சம் வயலின் கூட்டமாகத் தொடங்கி, சட்டென்று கிட்டார் அறைகிறது. அந்தக் கிட்டார் எனக்குத் தெரியும். இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு நின்றேன். இங்கிலாந்துப் பாடகர் எல்விஸ் காஸ்டெல்லோ, 'பம்ப் இட் அப்', 1978. "காப்பி!" என்று கத்தினேன். பிடித்துவிட்ட சந்தோஷம்.

அவள் அசரவில்லை. காஸ்டெல்லோவே 2021ல் இதற்குப் பதில் சொல்லியிருக்கிறாராம். தனக்கு ஒரு ஆட்சேபமும் இல்லை, ராக் அண்டு ரோல் இப்படித்தான் நடக்கிறது என்று சொல்லி, தான் எடுத்த இடத்தையும் காட்டிவிட்டிருக்கிறார்: பாப் டிலனின் 1965 'சப்டெரேனியன் ஹோம்சிக் புளூஸ்'. அது சக் பெர்ரியின் 1956 'டூ மச் மங்கி பிசினஸ்' வழியாக வந்தது. அன்று மாலை புளூடூத்தில் நாலையும் வரிசையாகப் போட்டாள். இஸ்திரி அப்படியே கிடந்தது.

கிட்டார் ஒற்றுமையை விட்டுவிடுங்கள். நாலு பாட்டையும் அடுத்தடுத்துக் கேட்டபோது எனக்குப் பட்டது வேறு. நாலும் புகார்ப் பட்டியல். பெர்ரி வேலையைப் பற்றி, பள்ளிக்கூடத்தைப் பற்றி, ராணுவத்தைப் பற்றி மூச்சு விடாமல் குறை சொல்கிறார். டிலன் ஊர் உலகத்தையே சொல்கிறார். ரோட்ரிகோ பதினேழு வயதாக இருப்பதைப் பற்றிக் குறை சொல்கிறாள். ஆல்பம் வந்தபோது அவளுக்குப் பதினெட்டு. என் மகள் திங்கட்கிழமை காலை கணக்கு டியூஷன் பற்றிப் பேசுகிற அதே மூச்சு. பதினாறு வயதில் நான் எங்கள் அப்பாவிடம் இப்படிப் பேசவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு டேப்பைச் சத்தமாக வைத்தேன்.

அப்பா விஷயத்தில்தான் எனக்கு இன்னும் ஆறவில்லை. அவருடைய சொல்லில் இது ஊசி இல்லை, முள். தட்டு இல்லை, பிளேட்டு. மகள் ஸ்டைலஸ் என்கிறாள். முதல் மாதம் முழுக்க ஹாலில் உட்கார்ந்து எங்கள் இரண்டு பேர் பாட்டையும் கேட்டுவிட்டுத் தீர்ப்புச் சொன்னார். "இந்தப் பொண்ணு அழுதுகிட்டே பாடுது, ஆனா சுருதி விலகல. பல்லவி திரும்பித் திரும்பி வருது, கூடவே முணுமுணுக்கலாம். உன்னோடது என்னடா, லேத் மிஷின்ல ஸ்டீல் ராடு கடையற சத்தம்." 1990லும் லேத் என்றுதான் சொன்னார். தொழிற்சாலையில் இருந்தவர், உவமை மாறவில்லை. அப்போது நான் தனி ஆளாக அவரை எதிர்த்தேன். இப்போது அந்தப் பக்கம் இரண்டு பேர். ஒரு நாள் சாயங்காலம் அவர் காய்கறி நறுக்கிக்கொண்டே அவளுடைய ஏதோ ஒரு பாட்டின் மெட்டை முனகிக்கொண்டிருந்தார், சொல் எதுவும் இல்லாமல், கிட்டத்தட்ட சுசீலா பாட்டுப் போல. நான் கேட்காத மாதிரி நகர்ந்துவிட்டேன்.

என் மானம் போன இன்னொரு நாளையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன், இது வேகத் தேர்வுச் சுவிட்சைப் பற்றிய எச்சரிக்கையும்கூட. அவளுடைய தோழி ஒரு பன்னிரண்டு அங்குலத் தட்டை இரவல் கொடுத்திருந்தாள், பக்கத்துக்கு இரண்டு பாட்டு. மகள் டியூஷனுக்குப் போயிருந்தாள். போட்டேன். கனமான ஆண் குரல், நிதானமான தாளம், ஆழமான பேஸ். அடடா, இந்தக் காலத்திலும் ஒருத்தன் உருப்படியாகப் பாடுகிறான் என்று இரண்டு தரம் கேட்டேன். வந்ததும் சொன்னேன், "உன் தட்டுலயே இந்தப் பையன்தான் உருப்படி." அவள் லேபிளைத் திருப்பி, ஓரத்தில் பொடி எழுத்தில் இருந்த எண்ணைக் காட்டினாள். 45. அதை நான் 33ல் ஓட்டியிருக்கிறேன். சுருதி ஐந்து அரைச்சுரம் இறங்கிவிட்டது. பையன் இல்லை, பத்தொன்பது வயதுப் பெண். தோழிகள் வட்டாரத்தில் இப்போது எனக்கு "முப்பத்திமூணு அங்கிள்" என்று பெயர்.

நானும் சும்மா இருந்தவன் இல்லை என்று காட்ட, 2003 ஏப்ரல் 4ஆம் தேதி பேலஸ் கிரவுண்ட்ஸில் ரோலிங் ஸ்டோன்ஸ் வந்த கதையை எடுத்துவிட்டேன். மழை, சேறு, செருப்பு ஒன்று போனது, எல்லாம் சொன்னேன். "மிக் ஜாகருக்கு அப்ப என்ன வயசு?" என்றாள். 59. "அப்ப அவர் உன் பாட்டா, தாத்தா பாட்டா?" பதில் இல்லை. 2025 பிப்ரவரியில் இங்கிலாந்துப் பாப் பாடகர் எட் ஷீரன் பெங்களூரு வந்து, சர்ச் ஸ்ட்ரீட் நடைபாதையில் திடீரென்று நின்று பாட, போலீஸ் வந்து மைக் வயரைப் பிடுங்கிய அன்று, நாங்கள் குடும்பத்தோடு அல்சூர் மார்க்கெட்டில் கத்திரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தோம். அங்கிருந்து சர்ச் ஸ்ட்ரீட்டுக்கு ஆட்டோவில் பத்து நிமிஷம். அதை அவள் இன்னும் மன்னிக்கவில்லை.

சர்வீஸ் பற்றி ஒரு வார்த்தை. ஐந்தாவது மாதம் மேடையைச் சுழற்றும் ரப்பர் பெல்ட் தளர்ந்தது. விற்றவர்களுக்கு எழுதினால், மூன்று நாள் கழித்து, முழுப் பெட்டியையும் மூலப் பெட்டிக்குள் வைத்துத் திருப்பி அனுப்பு என்று பதில். எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோட்டில் பழைய பெல்ட்டைக் காட்டினேன், அறுபது ரூபாய்க்கு அதே அளவில் எடுத்துக் கொடுத்தார் கடைக்காரர். கண்ணாலேயே அளந்தார். வீட்டில் வந்து வெர்னியரில் பார்த்தேன், சரியாக இருந்தது.

இப்போது அந்த மூன்று பேருக்கு. பிள்ளை இரண்டு தட்டை வாங்கிச் சுவரில் மாட்டியிருந்து, அது ஆசையா ஆர்வமா என்று உங்களுக்கே தெரியாவிட்டால், இந்தப் பெட்டியை வாங்குங்கள். வேகத்தைச் சரிபாருங்கள், தனி ஸ்பீக்கர் வையுங்கள், நாணயம் வைக்காதீர்கள். தாத்தா காலத்து 78 தட்டு வீட்டில் இருந்தால் இதில் போட வேண்டாம். வேகம் இருக்கிறது, ஆனால் அந்த அகலப் பள்ளத்துக்கு உரிய தடித்த ஊசி இதில் இல்லை. பிள்ளை ஐந்து தட்டைத் தாண்டிவிட்டால் கதை வேறு. புதுத் தட்டு ஒன்று மூவாயிரத்துக்கு மேல் விற்கிறது; நாலு தட்டின் விலையில் எடைத் திருகு வைத்த, மேக்னட் கார்ட்ரிட்ஜ் வைத்த ஒழுங்கான டர்ன்டேபிள் வந்துவிடும். எங்கள் வீட்டில் தட்டு பதினொன்று ஆகிவிட்டது. நானும் அதைத்தான் சொன்னேன். வேண்டாம் என்கிறாள். அதைத் தூக்கிக்கொண்டு மொட்டைமாடிக்குப் போக முடியாதாம்.

போன வாரம் புது ஊசி வந்தது, ஒன்று 350 ரூபாய், இரண்டு வாங்கினேன். அதில் அவள் ஒரு சட்டம் போட்டிருக்கிறாள். என் தட்டுகள் எல்லாம் பஜாரில் வாங்கியவை, கீறலும் தூசியும் அதிகம், அவற்றில் ஓடினால் ஊசி கெட்டு அவளுடைய தட்டையும் கெடுக்குமாம். ஆகவே புது ஊசி அவளுடையது மட்டும். கழற்றிய பழைய ஊசி எனக்கு. டீப் பர்ப்பிள் போட வேண்டுமென்றால் நான் முதலில் ஊசியை மாற்றிக்கொள்ள வேண்டும், முடிந்ததும் திரும்ப அவளுடையதைப் பொருத்திவைக்க வேண்டும். தொழில்நுட்ப ரீதியாக அவள் சொல்வதில் பிழை கண்டுபிடிக்க முடியவில்லை. பழைய ஊசியை ஒரு சின்ன டப்பாவில் போட்டு, மேலே அவள் கையெழுத்தில் ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறாள்: "33 அங்கிள்".